ஒரு வீடு... பதினோரு கார்... ஒரு பிணம்!

போன் அலறியது.

ரொனெட்டா மேஸ் அடுப்பில் முட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் கரண்டி. இன்னொரு கையால் போனை எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டாள்.

"ஹலோ..."

"ரொனெட்டா மேஸ்தானே? லிவோனியா போலீஸ்லேருந்து பேசறேன். டிடெக்டிவ் ஸ்டான் நோவாக்."

போலீஸ் என்றதும் அவள் முதலில் ஜன்னல் வழியாகத் தன் காரைத்தான் பார்த்தாள். கார் நின்றுகொண்டிருந்தது. எதன் மேலும் மோதிய நிலையில் இல்லை.

அப்பாடா!

"சொல்லுங்க சார்."

"மனசைத் திடப்படுத்திக்குங்க மேடம். உங்க வீட்டு சமையலறையில ஒரு பிணம் கிடக்கு."

ரொனெட்டா திரும்பிப் பார்த்தாள். சமையலறை. அடுப்பு. முட்டை. பிணம் எதுவும் இல்லை.

"விளையாடறீங்களா சார்? நான் என் வீட்டு சமையலறையிலதான் நின்னுட்டு..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன மேடம்? எங்க நிக்கறீங்க?"

"நிக்கலை சார்! எங்கயும் நிக்கலை! எந்த வீடுன்னு சொன்னீங்க?"

"பதினாலு, ரென் தெரு, லிவோனியா. உங்க கார் ரிஜிஸ்டர் ஆகியிருக்கிற அட்ரஸ். உங்களுக்கு மொத்தம் எத்தனை வீடு மேடம்?"

"ஒண்ணுதான் சார்! ஒண்ணே ஒண்ணு! நான்... கடைக்கு வந்திருக்கேன். இதோ வந்துட்டேன்!"

போனை வைத்தாள். முட்டை கருகி, புகை வந்துகொண்டிருந்தது.

ரொனெட்டா குடியிருப்பது டெட்ராய்ட்டின் கிழக்குப் பக்கத்தில். உலகத்துக்கே கார் செய்து கொடுத்த ஊர். அந்த ஊர்க்காரன் கார் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் மட்டும், இன்ஷூரன்ஸ் கட்டியே ஆண்டியாகிவிட வேண்டும். பின்கோடைப் பார்த்து ரேட் போடுகிற புண்ணியவான்கள், டெட்ராய்ட் பின்கோடைப் பார்த்தாலே பேனாவை அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள்.

அதிலும் ரொனெட்டா 'ஹை ரிஸ்க்'!

வேகமாக ஓட்டியதற்கு மூன்று அபராத டிக்கெட். தெருவோரத் தீயணைப்புக் குழாயை இடித்து, தெருவையே குளிப்பாட்டிய பெருமை வேறு. இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டி, ஆறு மாதம் லைசென்ஸ் பறிபோனது தனிக்கதை.

மாதம் அறுநூற்று எண்பது டாலர் கேட்டார்கள். அவள் வீட்டு வாடகையே ஐந்நூற்று ஐம்பதுதான்!

"வீட்டைக் காலி பண்ணிட்டு கார்லயே படுத்துக்கட்டுமா மர்வின்?" என்று தன் ஏஜென்ட்டைக் கேட்டாள்.

மர்வினின் ஆபீஸ், விக் கடைக்கும் ஹாட் டாக் கடைக்கும் நடுவில் இருந்தது. அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"கார்ல எதுக்கு படுக்கணும்? பக்கத்து ஊர் லிவோனியாவுல படு. பேப்பர்ல மட்டும்!"

"புரியலையே..."

"அந்த பின்கோடுக்கு ரேட் கம்மி. அங்க லியோடிஸ் க்ரம்ப்னு ஒரு பெரியவர். கார் ஃபாக்டரியில இருந்து ரிட்டயர் ஆனவர். தனிக்கட்டை. மாசம் இருபது டாலர் கொடு, அட்ரஸை வாடகைக்குக் கொடுப்பார். அப்பப்ப சர்க்கரைவள்ளிக் கிழங்குல ஒரு 'பை', அதான் இனிப்பு கேக் மாதிரி, சுட்டுக் கொடுக்கணும். உன் பேருக்கு வர்ற லெட்டரை ஒரு ஷூ டப்பாவுல போட்டு வச்சிருப்பார். வாசல்ல நின்னு வாங்கிக்கணும். உள்ள மட்டும் யாரையும் விடமாட்டார்."

அறுநூற்று எண்பது... இருநூற்றுப் பத்தாகச் சுருங்கியது!

இப்போது அந்த வீட்டில் ஒரு பிணம்.

'சார், நான் அங்கே குடியில்லை' என்று உண்மையைச் சொன்னால், பாலிசி போச்சு. லைசென்ஸ் போச்சு. திங்கட்கிழமை அவள் வேலை பார்க்கும் ஏஜென்சியில் இன்ஷூரன்ஸ் கார்டைக் காட்ட வேண்டும். வீடு வீடாகப் போய்ப் படுக்கையாய்க் கிடக்கும் முதியவர்களைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிற வேலை. கார் இல்லையென்றால் வேலை இல்லை.

'ஆமாம், குடியிருக்கிறேன்' என்று பொய் சொன்னால், கொலைக் கேஸ்.

இருதலைக் கொள்ளி எறும்பாகக் காரைக் கிளப்பினாள். நல்ல டிரைவருக்கு நாற்பது நிமிஷம் ஆகும் தூரம். ரொனெட்டா இருபத்து நாலு நிமிஷத்தில் போய் நின்றாள். பாதி கார் புல்வெளி மேல் நின்றது.

மஞ்சள் நாடா. மூன்று போலீஸ்காரர்கள். மீசையில் டோனட் சர்க்கரைத் தூளோடு ஒரு கனத்த ஆசாமி.

"நோவாக்" என்றார் அவர். "நீங்க இங்கதான் குடியிருக்கீங்க?"

ஒரே ஒரு வினாடி.

அந்த ஒரு வினாடியில் அவள் கண் முன்னால் தூக்குக் கயிறு வரவில்லை. அறுநூற்று எண்பது டாலர்தான் வந்தது!

"ஆமா சார். இங்கதான்."

"செத்தது லியோடிஸ் க்ரம்ப். நேத்து சாயங்காலம் நாலு மணி வாக்குல, இரும்பு வாணலியால பின் மண்டையில ஒரே போடு. காலையில போஸ்ட்மேன் ஜன்னல் வழியா பார்த்துட்டு போன் பண்ணினார். அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"மாமா சார்."

"அம்மா வழியா, அப்பா வழியா?"

"அது... ரெண்டு பக்கமும்."

நோவாக் நோட்டில் எதையோ எழுதி, அடிக்கோடு போட்டார்.

"நேத்து நாலு மணிக்கு எங்க இருந்தீங்க?"

நேற்று அவளுக்கு லீவு. நாலு மணிக்குத் தன் வீட்டு வாசலில், பார்க்கிங் தகராறில் பக்கத்து வீட்டுக்காரியோடு தெருவே கேட்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். முப்பது பேர் சாட்சி! வாய் தானாகத் திறந்தது.

"வீட்டுல இருந்தேன் சார்."

"எந்த வீட்டுல?"

"எங்..."

மறுபடியும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு இருக்கிறது ஒரே வீடுன்னு போன்ல சொன்னீங்க. அந்த வீடு இது. நாலு மணிக்கு நீங்க வீட்டுல இருந்தீங்க. நாலு மணிக்கு இதே வீட்டுல கொலை." நோவாக் ஆறுதலாகப் புன்னகைத்தார். "உள்ள வாங்க. முகமெல்லாம் வியர்த்திருக்கு. உங்க பாத்ரூம்ல முகத்தைக் கழுவிட்டு வாங்க."

அந்த வீட்டுக்குள் அவள் காலடி வைப்பது அதுதான் முதல் தடவை! நடுவில் ஒரு நடை. மூன்று கதவு. கடவுளை வேண்டிக்கொண்டு முதல் கதவைத் திறந்தாள். கோட்டுகள் தொங்கின. இரண்டாவதைத் திறந்தாள். இஸ்திரிப் பலகை அவள் தலை மேல் விழுந்தது. மூன்றாவது... கீழே இருட்டுக்குள் இறங்கும் படிக்கட்டு!

"பாத்ரூம் எங்க மேடம்?"

"நாங்க... அதை அவ்வளவா யூஸ் பண்றதில்லை சார்."

நோவாக் நடையின் கோடிக்குப் போனார். பூப்போட்ட காகிதம் ஒட்டிய சுவர். அதன் இடது ஓரத்தில் கையை வைத்துத் தள்ளினார். சுவர் உள்ளே போனது! கைப்பிடி இல்லாத கதவு. அதன் மேலும் அதே பூப்போட்ட காகிதம்.

"பெரியவர் தானே கட்டினது போலிருக்கு. எங்க ஆளுங்க மூணு பேருக்கு இதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆச்சு. உள்ள வாஷ்பேசின்ல ரத்தக் கறை. கொலைகாரன் இங்கதான் கை கழுவியிருக்கான். அவனுக்கு இந்த வீடு அத்துப்படி."

"அப்போ நான் இல்லைதானே சார்? எனக்குத்தான் தெரியலையே!"

"குடியிருக்கிற வீட்டு பாத்ரூம் தெரியாத மாதிரி நடிக்கறீங்களே... ஏன்னு யோசிக்கறேன்." அவர் கையை எடுத்ததும் கதவு தானே மூடி மறுபடியும் சுவரானது. ஒரு பிளாஸ்டிக் உறையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கிழங்கு 'பை' சுடுகிற தட்டு. அதன் அடியில் டேப். டேப்பில் 'ஆர். மேஸ்'. "பிணத்துக்குப் பக்கத்து மேஜையில இருந்தது. முழுக்க உங்க கைரேகையாத்தான் இருக்கும், இல்ல?"

ஞாயிற்றுக்கிழமை அவள் கிழவரிடம் வாசலில் கொடுத்துவிட்டுப் போன தட்டு! உண்மையைக் கொட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

வாசலில் கிறீச்...! பிரேக் சத்தம்.

இன்னொரு கிறீச். அப்புறம் இன்னொன்று. ஏதோ ஒரு தபால் பெட்டி சாய்ந்த ஓசை.

"வந்துட்டாங்க" என்றார் நோவாக். "இந்த அட்ரஸ்ல மொத்தம் பதினோரு கார் இருக்கு மேடம். எல்லாருக்கும் போன் பண்ணினேன். ரெண்டு பெட்ரூம் வீட்டுல பதினோரு பேர். அதிசயமான குடும்பம்!"

ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்ததில்லை. ஆனால் எல்லார் முகத்திலும் ஒரே கலவரம். ரொனெட்டாவுக்கு நொடியில் விளங்கிவிட்டது. இவர்களும் பேப்பரில் படுத்திருப்பவர்கள்! திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

தேவாலயத் தொப்பி அணிந்த எர்லின் பாக்ஸ் என்ற எழுபது வயதுக்காரி முந்திக்கொண்டாள்.

"குட்மார்னிங் கண்ணுங்களா! ராத்திரி நல்லா தூங்கினீங்களா?"

"நல்லா தூங்கினோம் அத்தை!" என்றான் ஆறரை அடி உயரத்தில் ஒருத்தன். பெயர் அலான்சோ. ஒரே வருஷத்தில் இரண்டு பஸ் ஸ்டாப்பை இடித்துத் தள்ளியவன்.

"நீ எங்க தூங்கின தம்பி?" என்றார் நோவாக்.

"நானா... பாத்டப்ல சார்."

"இந்த வீட்டுல பாத்டப்பே கிடையாது."

அலான்சோ தலையைச் சொறிந்தான்.

"அதான் சார்... ரொம்பக் கஷ்டமா இருக்கு."

ஒருத்தர் மாறாமல் எல்லாரும் அதையே சொன்னார்கள். இங்கதான் குடியிருக்கோம். எல்லாரும் சொந்தம். கிழவர் எல்லாருக்கும் மாமா. பாத்ரூம் எங்கே என்று நோவாக் கேட்டார். கோட்டு அலமாரியை நாலு பேர் காட்டினார்கள். படிக்கட்டை மூன்று பேர். எர்லின் அத்தை, "பொம்பளைங்க கிட்ட கேக்கற கேள்வியா இது?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள்.

நோவாக் தலையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியாக வந்தார் பதினோராவது ஆள். நீலக் கோட்டு. பளபளக்கும் ஷூ. பிரஸ்டன் டில். கார்ப்பெட் கடை முதலாளி.

"ஆபீசர், நான் உண்மையைச் சொல்லிடறேன்" என்றார். "நான் இங்க குடியிருக்கலை."

பத்துப் பேரும் ஒன்றாகத் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

"என் வீடு டெட்ராய்ட்ல. குடிச்சிட்டு ஓட்டினதா என் மேல ரெண்டு கேஸ் இருக்கு. இன்ஷூரன்ஸ் ரேட் தாங்கலை. அதான் இந்த அட்ரஸைக் கொடுத்தேன். மோசடிதான். ஒத்துக்கறேன். பாலிசியை இன்னைக்கே கேன்சல் பண்ணச் சொல்லுங்க, அபராதம் போடுங்க, கட்டிடறேன். ஆனா இந்த வீட்டு வாசல்படியைத் தாண்டி நான் உள்ள வந்ததே இல்லை."

நோவாக்கின் முகம் மலர்ந்தது.

"அப்பாடா! காலையிலேருந்து இப்பதான் ஒரு நாணயமான மனுஷனைப் பார்க்கறேன். இவருக்கு ஒரு காபி கொடுங்கப்பா!"

"பாவி!" எர்லின் அத்தை ரொனெட்டாவின் காதில் முணுமுணுத்தாள். "கிடைச்ச ரேட்டை யாராவது விடுவாங்களா?"

ரொனெட்டாவின் மூளைக்குள் ஏதோ ஒன்று 'டக்'கென்று மாட்டியது.

யாராவது விடுவார்களா?

டெட்ராய்ட்டில் மனுஷன் நண்பனை விட்டுக்கொடுப்பான். பெண்டாட்டியை விட்டுக்கொடுப்பான். மலிவான இன்ஷூரன்ஸை விட்டுக்கொடுக்க மாட்டான்! கொலைப் பழி தலை மேல் தொங்கும்போதுகூடத் தானே விடவில்லையே! இவர் மேல் குடித்துவிட்டு ஓட்டின கேஸ் இரண்டு. டெட்ராய்ட் அட்ரஸில் இவருக்கு மாதம் ஆயிரத்து இருநூறு கேட்பார்கள். அதை இப்படிச் சிரித்துக்கொண்டே கட்டத் தயாராக இருக்கிறார் என்றால்... அதைவிடப் பெரிய தொகை ஏதோ எங்கேயோ நிலுவையில் இருக்கிறது.

"நான் கொடுக்கறேன் சார் காபி" என்று கப்பை வாங்கினாள்.

ஆவி பறக்கும் காபி. மூன்று டிக்கெட்டும் ஒரு தீயணைப்புக் குழாயும் வாங்கிய கை அது. இடறி விழுவதற்கு அவள் தனியாக நடிக்க வேண்டிய அவசியமே இல்லை!

"ஐயோ!"

மொத்தக் காபியும் நீலக் கோட்டின் மேல்!

"அறிவிருக்கா உனக்கு!" டில் துள்ளினார். தோல் எரிந்தது. சட்டையைப் பிடித்துக்கொண்டு நடைக்குள் ஓடினார். கோட்டு அலமாரியைத் தாண்டினார். இஸ்திரிப் பலகையைத் தாண்டினார். படிக்கட்டைத் தாண்டினார். நேராகக் கோடிக்குப் போய்ப் பூப்போட்ட சுவரின் இடது ஓரத்தில் கையை வைத்துத் தள்ளினார்.

சுவர் திறந்தது.

உள்ளே குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

நோவாக்கின் மீசையிலிருந்து சர்க்கரைத் தூள் உதிர்ந்தது.

"சார்" என்றாள் ரொனெட்டா மெதுவாக. "இங்க குடியிருக்கோம்னு சொன்ன பத்து பேருக்கும் பாத்ரூம் தெரியலை. உள்ள வந்ததே இல்லைன்னு சொன்னாரே ஒருத்தர்... அவர் உள்ளதான் இருக்காரு."

சட்டையைப் பிழிந்துகொண்டே டில் வெளியே வந்தார். பத்துத் துப்பாக்கி மாதிரி பத்துப் பேரின் பார்வை அவரை வரவேற்றது. திரும்பிக் கதவைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

முகம் வெளுத்தது.

ஒரே பாய்ச்சல்! எர்லின் அத்தையைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினார். காரில் ஏறி ரிவர்ஸ் எடுத்தார்.

டமார்!

பின்னால் ரொனெட்டாவின் கார். முன்னால் அலான்சோவின் வண்டி, குறுக்கே. இடது பக்கம் எர்லின் அத்தையின் கார், சாய்ந்த தபால் பெட்டியின் மேலேயே. பத்து ஹை ரிஸ்க் டிரைவர்கள் நிறுத்திவைத்த கார்களுக்கு நடுவிலிருந்து ஒரு சைக்கிளைக்கூட வெளியே எடுத்துவிட முடியாது!

"என் பம்பர்!" என்று அலறினாள் ரொனெட்டா. கொலைகாரன் பிடிபட்டதைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது.

டில்லின் கார் டிக்கியில் ஒரு ஷூ டப்பா இருந்தது. மேலே 'பி. டில்' என்று கிழவரின் கையெழுத்து. உள்ளே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கடிதம். 'கடந்த மாதம் உங்கள் கார் ஒரு நபரை இடித்துவிட்டு நிற்காமல் சென்றதாகப் புகார். விளக்கம் தேவை.'

கை விலங்கோடு டில் உடைந்தார்.

"கிழவன் என் லெட்டரைப் பிரிச்சுப் படிச்சுட்டான் சார்... தனியாப் பேசணும்னு வீட்டுக்குள்ள கூப்பிட்டான். மூணு தடவை. மாசம் இருபது டாலர் வாங்கினவன் ஐந்நூறு கேட்டான். நேத்து ஆயிரம்னு ஏத்தினான்..."

"ரேட்டை ஏத்தினதுக்காகக் கொலையா?" என்றார் நோவாக்.

"ஆத்திரம் வராதா சார்?" என்றான் அலான்சோ. அவனையும் அறியாமல் வந்துவிட்டது.

சாயங்காலம் எல்லாரையும் அனுப்பும்போது நோவாக் ரொனெட்டாவை மட்டும் நிறுத்தினார்.

"நீங்க எங்க குடியிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்கறீங்களா மேடம்?"

அவள் தலை குனிந்தது.

"சார்... திங்கட்கிழமை கார்டு காட்டலைன்னா என் வேலை போயிடும். என்னை நம்பி நாலு கிழவங்க படுக்கையில இருக்காங்க. திருட்டுப் புத்தி இல்லை சார். வேற வழி இல்லை."

நோவாக் நோட்டைப் புரட்டினார்.

"நான் கொலைக் கேஸ் பார்க்கறவன். இன்ஷூரன்ஸ் என் டிபார்ட்மென்ட் இல்லை. இங்க குடியிருக்கேன்னு நீங்கதானே வாக்குமூலம் கொடுத்தீங்க? அப்படியே எழுதிட்டேன். 'பதினோரு பேரும் ஒரே வீட்டில் வசிக்கும் ஒரே குடும்பத்தினர்.' படிச்சுப் பார்த்து கையெழுத்துப் போடுங்க."

படிக்கவா செய்தாள்? கண்ணில் நீர் முட்டக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள். போகிற அவசரத்தில் மஞ்சள் நாடாவையும் இழுத்துக்கொண்டு போனது அவள் கார்.

திங்கட்கிழமை கார்டைக் காட்டினாள். வேலை தப்பியது.

செவ்வாய்க்கிழமை போன் அலறியது.

மர்வின்!

"ரொனெட்டா, உட்கார்ந்திருக்கியா?"

"ஏன் மர்வின்?"

"கம்பெனியிலேருந்து புது ரேட் வந்திருக்கு. மாசம் ஆயிரத்து நானூறு."

"என்னது! டெட்ராய்ட்லயே அறுநூத்து எண்பதுதானே! நான் என்ன பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலை. உன் வீட்டு ஆளுங்க பண்ணினாங்க. ஒரே வீட்டுல குடியிருக்கிற டிரைவர் எல்லாரையும் சேர்த்துத்தான் ரேட் போடுவாங்க. போலீஸ் ரிப்போர்ட்டே சாட்சி. உங்க குடும்பத்துல ஒருத்தர் பஸ் ஸ்டாப்பை இடிச்சவர். ஒரு பாட்டி தபால் பெட்டியைச் சாய்ச்சவங்க. இன்னொருத்தர் குடிச்சிட்டு ஓட்டினது ரெண்டு, ஆளை இடிச்சுட்டு ஓடினது ஒண்ணு, உன் பம்பர் ஒண்ணு, கொலை ஒண்ணு! அதுவும் நீயே கையெழுத்துப் போட்டிருக்க!"

ரொனெட்டா கண்ணை மூடிக்கொண்டாள். அடுப்பில் முட்டை கருகியது. அணைக்கத் தோன்றவில்லை.

"அந்தக் கொலைகாரன் இப்ப அங்க இல்லையே மர்வின்! ஜெயிலுக்குப் போயிட்டானே!"

"ஆமா. வடக்கே, காட்டுப் பக்கம். அவனோட புது அட்ரஸும் இங்க கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு..." மர்வின் சட்டென்று நிறுத்தினான். "அடேங்கப்பா!"

"என்ன?"

"அந்த பின்கோடுக்கு மாசம் தொண்ணூறு டாலர்தான்! திருட்டே இல்லாத ஏரியாவாம்!"

ரொனெட்டா அடுப்பை அணைத்தாள். நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மர்வின்... அவனுக்கு மாசம் இருபது டாலரும் ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கு 'பை'யும் கொடுத்தா, என் லெட்டரை வாங்கி வைப்பானான்னு கேட்டுச் சொல்லேன்!"